பட்டறைத் தண்ணீரிலிருந்து ஆயிலைப் பிரிப்பது எப்படி: பீனியா நண்பர்களுக்கு

ஆயில் கலந்த தண்ணீரைச் சுத்தம் பண்ண என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம், முதலில் அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து மேசை மேல் வையுங்கள் என்றுதான் சொல்வேன். பெங்களூரின் தொழிற்பேட்டையான பீனியாவில் ஓசூர், தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்து லேத், சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்), பிளேட்டிங் (உலோக முலாம்) பட்டறை நடத்துகிற நம் ஆட்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் விற்க வந்தவர் சொன்னதை நம்பி முதலில் மெஷினை வாங்கிவிடுகிறார்கள், தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அப்புறம்தான் பார்க்கிறார்கள். தண்ணீரில் ஆயில் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது தெரியாமல் வாங்கும் எந்த மெஷினும் ஆறு மாதத்தில் ஓரமாக நின்றுவிடும்.

பாட்டிலைக் குலுக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். மேலே தெளிவாக ஒரு படலம் வந்து, கீழே தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தால் அது தனி ஆயில், வேலை சுலபம். ஒரு ராத்திரி வைத்தும் கொஞ்சம்தான் மேலே வந்திருக்கிறது, தண்ணீர் இன்னும் கலங்கலாக இருக்கிறது என்றால் சின்னச் சின்னத் துளிகளாகச் சிதறிய ஆயில். மறுநாளும் வெள்ளையாக அப்படியே நின்றால் அது கூலண்ட் (உலோகம் வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்), சோப்பு, டிகிரீசர் (பிசுக்கு எடுக்கும் மருந்து) எதனாலோ கட்டுண்ட எமல்ஷன், அதாவது பால் மாதிரி தண்ணீரோடு கலந்தே நிற்கும் ஆயில். எத்தனை நாள் வைத்தாலும் அது தானாகப் பிரியாது. இன்னொரு வகையும் உண்டு: தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் பெட்ரோல் வாடை அடிக்கும். அதில் இருப்பது கரைந்த பொருள், அதைப் பிடிக்க கார்பன் மாதிரி வேறு வழிதான் வேண்டும்.

துளியின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. துளி தண்ணீரில் மேலே ஏறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, இது ஸ்டோக்ஸ் விதி. தண்ணீரை விடப் பத்து சதவீதம் லேசான ஆயில் என்று வைத்துக்கொண்டால், 150 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) துளி ஒரு மீட்டர் ஏற நம் ஊர் வெப்பநிலையில் சுமார் 12 நிமிடம் ஆகும். அதே ஆயில் 15 மைக்ரான் துளியாக இருந்தால் கிட்டத்தட்ட 19 மணி நேரம். விட்டம் பத்தில் ஒன்று, நேரம் நூறு மடங்கு. ஆகவே இந்த வேலையில் முதல் விதி ஆயிலை நாமே உடைக்காமல் இருப்பது. தண்ணீர் சேரும் சம்ப்பிலிருந்து சாதாரண மோனோபிளாக் பம்ப் போட்டுத் தூக்கினால், அதற்குள் சுழலும் இம்பெல்லர் பெரிய துளியை எல்லாம் அரைத்து அனுப்பிவிடும், அதுவரை சுலபமாக இருந்த தண்ணீரைக் கடினமாக்கியது அந்தப் பம்ப்தான். முடிந்த இடத்தில் எல்லாம் சரிவு வைத்துத் தானாக ஓட விடுங்கள். பம்ப் போட்டே ஆக வேண்டும் என்றால் டயாபிரம் பம்ப் அல்லது ஸ்க்ரூ பம்ப், அதுவும் மெதுவான வேகத்தில்.

எவ்வளவு சுத்தம் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் சுற்றுச்சூழல் விதிகளில் உள்ள பொதுவான எல்லைப்படி, ஆறு, ஏரி, கால்வாயில் விடும் தண்ணீரில் எண்ணெயும் கிரீசும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, பொதுச் சாக்கடையில் விட்டால் 20. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குத் தந்த கன்சென்ட் (அனுமதி) கடிதத்தில் இதை விடக் கடுமையான எண் இருக்கலாம், வெளியே விடவே கூடாது என்றும் இருக்கலாம், அந்தக் கடிதத்தில் உள்ளதுதான் உங்களுக்குச் சட்டம். 10 மில்லிகிராம் என்பது எவ்வளவு சின்ன அளவு என்று பாருங்கள். ஒரு லிட்டர் ஆயிலின் எடை சுமார் 900 கிராம். அது 90 ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தப் போதும். ஒரு ஷிப்டில் ஒரு மெஷினின் ஹைட்ராலிக் ஹோஸ் கசிந்தாலே அவ்வளவு வந்துவிடும். அந்தத் தண்ணீர் போகும் வழியும் நமக்குத் தெரியாததில்லை. பீனியாவின் ஒரு பக்கத்து ராஜகாலுவேக்கள் (பெரிய மழைநீர்க் கால்வாய்கள்) விருஷபாவதி ஆற்றில் சேர்கின்றன, விருஷபாவதி அர்க்காவதியில், அர்க்காவதி கனகபுராவுக்குத் தெற்கே சங்கமாவில் காவிரியில். அங்கிருந்து மேட்டூருக்கு வருகிற தண்ணீரைத்தான் நம் சொந்தக்காரர்கள் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள், குடிக்கிறார்கள்.

முதலில் கழிவுகளை ஒன்றாகச் சேர விடாதீர்கள்

சுத்திகரிப்பில் பாதி வேலை சுத்திகரிப்பு நிலையத்துக்கு வெளியே நடக்கிறது. கூலண்ட் கழிவு தனி, தரை கழுவின தண்ணீர் தனி, பிளேட்டிங் ரின்ஸ் (முலாம் பூசின பொருளை அலசின தண்ணீர்) தனி, கழிவறைத் தண்ணீர் தனி, மழைத்தண்ணீர் தனி. இவற்றை ஒரே தொட்டியில் விட்டுவிட்டு அப்புறம் பிரிப்பது தனித்தனியாகச் சுத்தம் பண்ணுவதை விடப் பல மடங்கு செலவு. 200 லிட்டர் பழைய கூலண்டை 5000 லிட்டர் சாதாரணக் கழுவு நீரில் கொட்டினால், இனி உங்களிடம் 5200 லிட்டர் எமல்ஷன் இருக்கிறது. ஆளுக்கொரு பைப் போடப் பணமில்லை என்றால் நீல டிரம் போதும், கூலண்டுக்கு ஒரு நிறத்தில் மூடி, பழைய ஹைட்ராலிக் ஆயிலுக்கு ஒரு நிறம் என்று வையுங்கள். பழைய ஆயில் தண்ணீர் கலக்காமல் இருந்தால் அது விற்கக்கூடிய பொருள், தண்ணீரும் கூலண்டும் கலந்துவிட்டால் காசு கொடுத்துத் தள்ள வேண்டிய பொருள்.

சயனைடு பாத் (சயனைடு கரைசல் தொட்டி) வைத்துப் பிளேட்டிங் பண்ணுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சயனைடு தண்ணீரும் ஆசிட் தண்ணீரும் ஒரே காலுவேயில் சந்தித்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். அந்த இரண்டு பைப்பும் எங்கேயும், வடிகால் குழியில் கூட, சேரக் கூடாது.

அடுத்தது கூலண்ட். அதைத் தூக்கி எறிகிற அளவைக் குறைப்பதுதான் மலிவான சுத்திகரிப்பு. வெள்ளிக்கிழமை மெஷினை நிறுத்திவிட்டுப் போய் திங்கட்கிழமை காலையில் திறந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், எல்லா மெஷின் ஷாப்பிலும் இது தெரியும். மெஷினின் நகரும் தடத்துக்குப் போடும் ஸ்லைடுவே ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் மெஷினின் கூலண்ட் சம்ப்பின் மேல் மூடி போட்ட மாதிரி மிதந்து காற்றை அடைத்துவிட, அடியில் ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியா பெருகுவதால் வரும் நாற்றம் அது. ஒரு சின்ன டிஸ்க் ஸ்கிம்மர் அல்லது பெல்ட் ஸ்கிம்மர் போட்டு அந்த மேல் ஆயிலை எடுத்தாலே கூலண்ட் பல மாதம் கூட ஓடும். ரிஃப்ராக்டோமீட்டரில் வாரம் ஒரு தடவை அடர்த்தி பாருங்கள், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8.5-க்குக் கீழே இறங்க விடாதீர்கள், கூலண்ட் கலக்க போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை எமல்ஷனை உடைத்து, பிசுபிசுப்பாக எல்லா இடத்திலும் ஒட்ட வைக்கும், ஆர்ஓ தண்ணீர் அல்லது காவேரி லைன் தண்ணீர் நல்லது. இரும்புச் சுருளும் பொடியும் குவிக்கிற இடத்துக்குக் கூரையும், சுற்றிலும் ஒரு சின்னத் திட்டும், நடுவில் வடிகிற கூலண்டைப் பிடிக்க ஒரு குழியும் கட்டுங்கள். மழை பெய்தால் பட்டறையின் பின்பக்கம் வானவில் நிறத்தில் ஓடுகிறதே, அதில் பெரும்பங்கு அந்தக் குவியலிலிருந்துதான்.

தரையில் ஆயில் சிந்தினால் சோப்புத்தூள் போட்டுக் கழுவாதீர்கள். மரத்தூள் போட்டு உறிஞ்சி அள்ளுங்கள், அதைத் தனியாக மூட்டை கட்டி அபாயக் கழிவோடு வையுங்கள். சோப்பு போட்ட நிமிடமே தனி ஆயில் எமல்ஷன் ஆகிவிடுகிறது.

ஆயில் டிராப் கட்டுவது

தனி ஆயிலுக்கு மூன்று அறை வைத்த தொட்டியே போதும், அதைத்தான் ஆயில் டிராப் என்கிறோம், ஆனால் நான் பார்த்த தொட்டிகளில் பாதிக்கு மேல் வெறும் ஆழக் குழிகள். ஆயில் பிரிய ஆழத்தை விட முக்கியம் மேற்பரப்பு. மணிக்கு 1000 லிட்டர் தண்ணீர் வருகிறது, 60 மைக்ரான் வரை துளிகளைப் பிடிக்க வேண்டும் என்று வையுங்கள். அந்தத் துளி விநாடிக்கு 0.23 மில்லிமீட்டர் ஏறும். கணக்குப் போட்டால் சுமார் 1.2 சதுர மீட்டர் பரப்பு வருகிறது. நிஜத்தில் தண்ணீர் சீராக ஓடாது, அலையும், அதனால் இரண்டு சதுர மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச நேரத்தில் எவ்வளவு வருகிறது என்பதற்குக் கணக்குப் போடுங்கள், நாள் சராசரிக்குப் போட்டால் ஷிப்ட் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கழுவும்போது எல்லாம் அடித்துக்கொண்டு போகும்.

முதல் அறை மண், இரும்புப் பொடி தங்க. இரண்டாவதில் ஆயில் மேலே ஏறும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் உள்ள சுவர் மேலிருந்து இறங்கி, தரைக்கு மேல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும், தண்ணீர் அடி வழியாக மட்டும் போகும். வெளியே போகும் பைப்பிலும் ஒரு டீ (T வடிவ பைப் இணைப்பு) போட்டு, அதன் கீழ்க் காலைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள். இடம் குறைவு என்றால் சாய்ந்த தகடுகள் வைத்த செபரேட்டர் உண்டு, தகடுகளை 45 முதல் 60 டிகிரி சாய்வில் நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள், துளி ஒரு மீட்டர் ஏறுவதற்குப் பதிலாகச் சில சென்டிமீட்டர் ஏறி மேல் தகட்டில் முட்டினால் போதும், அங்கே பல துளிகள் சேர்ந்து பெரிதாகி மேலே வழுக்கிப் போகும். மாதம் ஒரு தடவை தகட்டை எடுத்துக் கழுவ ஆள் இல்லை என்றால் அதை வாங்க வேண்டாம்.

டிராப்பில் சேர்ந்த ஆயிலை எடுக்காமல் விட்டால் டிராப் இருந்தும் பயனில்லை. வாரம் ஒரு தடவையாவது எடுங்கள், எடுத்த லிட்டரை ஒரு நோட்டில் எழுதுங்கள். திடீரென்று அதிகமானால் எங்கோ ஒரு மெஷின் கசிகிறது என்று அந்த நோட்டுதான் முதலில் சொல்லும்.

தொட்டிக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய விடாதீர்கள். அழுகின கூலண்டும் கசடும் தங்கின தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், ஒரு மூச்சில் ஆள் விழுவார், காப்பாற்றக் குதிக்கிற இரண்டாவது ஆளும் விழுவார். மேலிருந்தே உறிஞ்சும் லாரி வைத்து எடுங்கள். அஞ்சாறு ஆயிரம் மிச்சம் பிடிக்க ஓர் ஆளின் உயிரைப் பணயம் வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

வெள்ளைத் தண்ணீரை உடைப்பது

இதுதான் நிறையப் பேர் திணறும் இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கூலண்டில் ஆயில் துளிகளைச் சுற்றி எமல்சிஃபையர் என்ற சோப்பு மாதிரிப் பொருள் ஒட்டியிருக்கும், அதன் எதிர்மின் ஏற்றத்தால் துளிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு சேராமல் நிற்கும். அந்த ஏற்றத்தை நீக்கினால் துளிகள் சேரும். ஆசிட் அதைச் செய்யும், அலுமினியம் அல்லது இரும்பு உப்பும் செய்யும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தால்தான் ஒழுங்காக வேலை நடக்கும்.

முதலில் ஜார் டெஸ்ட், அதாவது எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று ஜாடியில் போட்டுப் பார்ப்பது. லேப் வேண்டாம், ஒரே மாதிரியான ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி ஆறு போதும். 10 கிராம் ஆலத்தை (படிகார வகை அலுமினிய உப்பு) ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். இதில் ஒரு மில்லிலிட்டர் எடுத்து ஒரு லிட்டர் கழிவுநீரில் விட்டால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆலம் போட்டதாக அர்த்தம். வெவ்வேறு அளவில் ஆறு ஜாடியிலும் போட்டு, ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, அப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். கழுவு நீருக்கு இது நேரடியாக வேலை செய்யும். பழைய கூலண்டுக்கு ஆலம் கரைசலைப் பல மடங்கு கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தேவைப்படும் அளவு கிராமில் இருக்கும். ஆலத்தோடு பிஏசி (பாலி அலுமினியம் குளோரைடு), ஃபெரிக் குளோரைடு இரண்டையும் வைத்துப் பாருங்கள், எது குறைந்த கசடில் தெளிவான தண்ணீர் தருகிறதோ அதுதான் உங்களுக்கு.

அடுத்து பெரிய அளவில். பிளாஸ்டிக் அல்லது எஃப்ஆர்பி (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) தொட்டியாக இருக்க வேண்டும், இரும்புத் தொட்டியை ஆசிட் தின்றுவிடும். கூலண்டை ஒரு ராத்திரி அசையாமல் விட்டு மேலே மிதக்கிற ஆயிலையும் அடியில் தங்கின பொடியையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிடை மெதுவாகக் கலக்கிக்கொண்டே விட்டு பிஎச் 2-க்கும் 3-க்கும் நடுவில் கொண்டுவாருங்கள். ஆசிடை நீர்க்க வைக்கும்போது தண்ணீரில் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. முகக் கவசம், ரப்பர் கையுறை, பூட்ஸ் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். நாற்றம் அடிக்கிற கூலண்டில் ஆசிட் விட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வெளியே வரும், அதைக் காற்றோட்டமான திறந்த இடத்தில் மட்டும் செய்யுங்கள். சயனைடு, பிளீச்சிங் பவுடர் எதுவும் அந்தத் தொட்டியில் முன்னால் இருந்திருக்கக் கூடாது.

பிஎச் சரியான இடத்துக்கு வந்ததும் பால் திரிகிற மாதிரி திரியும். 50, 60 டிகிரிக்குச் சூடு பண்ண முடிந்தால் சில மணி நேரத்தில் பிரியும், இல்லாவிட்டால் ஒரு ராத்திரி. மேலே பழுப்பு ஆயில், கீழே மங்கலான தண்ணீர். கீழ் வால்வு வழியாகத் தண்ணீரை மட்டும் அடுத்த தொட்டிக்கு எடுங்கள், ஆயில் படலம் நெருங்கும்போது நிறுத்திவிடுங்கள். அடுத்த தொட்டியில் ஜார் டெஸ்டில் வந்த அளவு ஆலமோ பிஏசியோ போட்டு, சுண்ணாம்புப் பால் அல்லது காஸ்டிக் விட்டு பிஎச்சை 6.5 முதல் 7.5-க்குக் கொண்டுவந்தால் திப்பித் திப்பியாகக் கசடு கட்டும். கடைசியில் 0.1 சதவீதமாகக் கரைத்த பாலி (கசட்டைத் திரட்டும் பாலிமர்) கொஞ்சமாக. பாலி போட்ட பிறகு வேகமாகக் கலக்கினால் கட்டின கசடு உடைந்துவிடும், அப்புறம் எவ்வளவு போட்டாலும் சேராது. ஆபரேட்டர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

ஆயில் கசடு கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அது லேசானது. தினமும் பல ஆயிரம் லிட்டர் வருகிறவர்களுக்கு டிஏஎஃப் (காற்றைக் கரைத்துக் கசட்டை மிதக்க வைக்கும் முறை) அதனால்தான் பொருந்துகிறது. தண்ணீரின் ஒரு பகுதியை நாலைந்து பார் அழுத்தத்தில் காற்றோடு கலந்து தொட்டிக்குள் விடுவித்தால், கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் கசட்டோடு ஒட்டி மேலே தூக்கும், மேலே இருக்கும் துடுப்பு வழித்து எடுக்கும். சின்னப் பட்டறைக்கு டிஏஎஃப் தேவையில்லை, டிரம்மில் செய்து ஃபில்டர் துணியில் வடித்தாலே போதும்.

எல்லா கூலண்டும் இப்படி உடையாது. சிந்தெடிக் கூலண்டில் ஆயிலே இல்லை, எல்லாம் கரைந்த வேதிப்பொருள், ஆசிடை வீணாக்காதீர்கள். அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் சவ்வு எமல்ஷன் ஆயிலை நன்றாகப் பிடிக்கும், சிந்தெடிக்கில் பெரும்பகுதியைத் தாண்ட விட்டுவிடும். உடைந்து பிரிந்த தண்ணீரிலும் சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை, அழுக்கைக் காட்டும் அளவு) ஆயிரக்கணக்கில் இருக்கும், கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது என்று காலுவேயில் விட்டுவிடாதீர்கள். மாதத்துக்குச் சில நூறு லிட்டர்தான் கூலண்ட் கழிவு என்றால் இந்த வேலையே வேண்டாம், அனுமதி உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ அபாயக் கழிவு எடுப்பவருக்கோ கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

கடைசி வடிகட்டல் பற்றிச் சுருக்கமாக. மணல், அப்புறம் ஆர்கனோகிளே (ஆயிலைப் பிடிக்கும் களிமண்), அப்புறம் ஆக்டிவேட்டட் கார்பன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆயில் நேராகக் கார்பனுக்குப் போனால் அதன் நுண்துளைகளை அடைத்துவிடும், மாதக்கணக்கில் ஓட வேண்டியது நாள்கணக்கில் முடிந்துவிடும்.

ஆயில் தின்னும் பாக்டீரியா பவுடர் என்று விற்கிறார்கள். பாக்டீரியா ஆயிலைத் தின்னும் என்பது உண்மை, விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி உருவாக்கின அப்படி ஒரு பாக்டீரியாவுக்குத்தான் 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்புரிமை தரலாம் என்றது. தில்லியின் டெரி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கின ஆயில்ஜாப்பர் என்ற பாக்டீரியாக் கலவை எண்ணெய் படிந்த மண்ணிலும் கசட்டிலும் பயன்பட்டிருக்கிறது. அதற்கெல்லாம் காற்று, ஈரம், நைட்ரஜன், பாஸ்பரஸ், மாதக்கணக்கில் நேரம் வேண்டும். கூலண்டில் பாக்டீரியாவைக் கொல்லவே மருந்து கலந்திருக்கிறார்கள், அதில் பவுடரைத் தூவினால் பவுடர்தான் சாகும்.

மஞ்சள் தண்ணீர்

குரோம் பிளேட்டிங் ரின்ஸ் தண்ணீர் மஞ்சளாக இருந்தால் அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது. வெறும் சுண்ணாம்பு போட்டால் அது படியாது. முதலில் அதை மூன்று இணைதிறனாக மாற்ற வேண்டும். பிஎச்சை 2 முதல் 2.5-க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போடுங்கள், மஞ்சள் போய்ப் பச்சை வரும். கணக்குப்படி ஒரு கிலோ குரோமியத்துக்கு சுமார் 2.75 கிலோ, நடைமுறையில் மூன்றுக்கு மேல் ஆகும். கந்தக டையாக்சைடு வாடை வரும், காற்றோட்டம் வேண்டும். கண்ணை மட்டும் நம்பாமல் டைஃபினைல் கார்பசைடு கிட் வைத்துப் பாருங்கள், ஊதா நிறம் வந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது. அது முடிந்த பிறகே சுண்ணாம்போ காஸ்டிக்கோ விட்டு 8 முதல் 9-க்கு ஏற்றிப் படிய வைக்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் படிந்தது திரும்பக் கரையும். நிக்கலுக்கு 10-க்குப் பக்கத்தில் வேண்டும், அதனால் குரோமியத் தண்ணீரையும் நிக்கல் தண்ணீரையும் ஒன்றாக வைத்து ஒரே பிஎச்சில் முடிக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று தப்பித்துப் போகும். வெளியே விட ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்.

கசடு எல்லாம் அபாயக் கழிவு. சாதாரணமாக 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, கூரை போட்ட, கீழே கசியாத இடத்தில் மூட்டை மேல் தேதி எழுதி வையுங்கள், மேனிஃபெஸ்ட் (கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற சீட்டு) இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையில் விட்டுவைத்த ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அந்த வட்டாரத்தின் கிணறுகளை என்ன செய்தது என்று வேலூர்ப் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள்.

நிலத்துக்குள் போய்விட்டால்

பீனியாவின் நிலத்தடி நீரில் ஆறு இணைதிறன் குரோமியம் இருப்பது ஆய்வுகளில் பதிவான விஷயம். வறண்ட போர்வெல்லில் கழிவுநீரை விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது கோபம்தான் வருகிறது. மண் வழியாகப் போனால் கொஞ்சமாவது தங்கும், போர்வெல் அதை நேராகப் பாறை இடுக்குக்கே கொண்டுபோகிறது. பெங்களூரில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், நல்ல விஷயம், ஆனால் பட்டறைக்காரர்கள் கூரைத் தண்ணீரை மட்டும் ரீசார்ஜ் குழிக்கு (நிலத்தடி நீரை ஊட்டும் குழி) விடுங்கள், முற்றத்துத் தண்ணீரை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

போர்வெல் தண்ணீர் மேல் வண்ணப் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். உடைந்த தகடு மாதிரித் துண்டு துண்டாகி அப்படியே நின்றால் அது இரும்பு பாக்டீரியா, கலைந்து மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் ஆயில். ஆயில் என்றால் முதலில் மூலத்தை நிறுத்துங்கள், பெரும்பாலும் ஜெனரேட்டருக்கான டீசல் தொட்டியோ மண்ணுக்குள் போகும் பைப்போ. டீசலும் பெட்ரோலும் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும், தெளிவான பெய்லர் குழாயை இறக்கி எடுத்தால் படலத்தின் தடிமன் தெரியும். கிணற்றில் தெரிகிற தடிமன் மண்ணில் இருப்பதை விட அதிகமாகவே காட்டும், அதை வைத்து மொத்த அளவைக் கணக்குப் போடாதீர்கள். வேகமாகப் பம்ப் போட்டு நீர்மட்டத்தை இறக்கினால் ஆயிலும் கூடவே இறங்கிக் கீழே உள்ள மண்ணில் எல்லாம் பூசிக்கொள்ளும், அப்புறம் எடுக்கவே முடியாது. மெதுவாக மேல் படலத்தை மட்டும் ஸ்கிம்மரால் எடுக்க வேண்டும். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும், சாதாரண மோட்டாரைப் பக்கத்தில் வைக்காதீர்கள். மிதப்பது போன பிறகு கரைந்திருக்கும் பென்சீன் போன்றவற்றைக் காற்று ஊதி ஆவியாக்கியோ கார்பன் வழியாக விட்டோ எடுக்கலாம், ஊதிய காற்றும் கார்பன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

பழைய டிகிரீசர் டிரைகுளோரோ எத்திலீன் வேறு கதை. அது தண்ணீரை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், கீழே கீழே போய்ப் பாறைப் பிளவுகளில் தங்கும். அது இருக்கிற இடத்தில் இன்னும் ஆழமாகப் போர் போட்டால் அது மேலும் கீழே போக நீங்களே வழி வெட்டிக் கொடுக்கிறீர்கள். நிலத்தடி நீர் ஆய்வாளர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

குரோமியத்துக்கு இரண்டு வழி. தண்ணீரை மேலே எடுத்து ஃபெரஸ் சல்ஃபேட் அல்லது அயனி மாற்றுப் பிசினால் பிடிப்பது ஒன்று. நிலத்துக்குள்ளேயே மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) போன்ற உணவைச் செலுத்தி, பாக்டீரியாவை வைத்து ஆறை மூன்றாக மாற்றிப் படிய வைப்பது இன்னொன்று. அமெரிக்காவில் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் ஒரு பிளேட்டிங் பட்டறையிலிருந்து பரவின குரோமியத்தைத் தடுக்க 1996-ல் இரும்புத் துகள் நிரப்பின 46 மீட்டர் நீளச் சுவரை நிலத்துக்குள் இறக்கினார்கள், தண்ணீர் அதன் வழியாகப் போகும்போதே குரோமியம் நின்றுவிடுகிறது. அங்கே இருந்தது மணல் நிலம். நம் ஊரில் மேலே சில மீட்டர் மக்கின பாறை, அடியில் வெடிப்பு விட்ட நைஸ் (gneiss) என்ற கடினப் பாறை, வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் எதைச் செலுத்தினாலும் பக்கத்துத் தெருவில் போய் நிற்கும். அதனால் இங்கே ஒரு பட்டறை தனியாகச் செய்யக் கூடிய வேலை இல்லை இது, சங்கமாகச் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு பேசித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் தனியாகச் செய்யக் கூடியது பரிசோதனை. மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை முடிந்து டிசம்பரில் ஒரு தடவை, உங்கள் போர்வெல்லையும் முடிந்தால் பக்கத்து போர்வெல்லையும் அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுங்கள். ஐந்து பத்து நிமிடம் ஓட விட்டு அப்புறம் பிடியுங்கள். ஆயிலுக்கு அகன்ற வாய்க் கண்ணாடி பாட்டில், பாட்டிலை அந்தத் தண்ணீரால் கழுவக் கூடாது, கழுவினால் ஆயில் கண்ணாடியில் ஒட்டி அளவு தப்பாகும். ஆசிட் விட்டு பிஎச் 2-க்குக் கீழே வைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்குத் தனி பாட்டில், அதில் ஆசிட் விடக் கூடாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதற்கு மேல் வந்தால் கொதிக்க வைத்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தண்ணீர்தான் ஆவியாகும், குரோமியம் அப்படியே கெட்டியாகும். பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் கொடுக்காமல் அன்றைக்கே கேன் தண்ணீருக்கு மாறுங்கள், ரிப்போர்ட்டின் ஒரு நகலை அவர்கள் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள், இன்னொரு நகலைப் பக்கத்துப் பட்டறைக்குக் கொடுங்கள்.